கேக்கோடு வந்தவள்

ரிக்மோருக்கு அரசியல்வாதி என்றாலே குமட்டும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. செய்தியில் ஒரு அமைச்சர் முகம் வந்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிடுவாள். "த்தூ, மூஞ்சியும் முகரையும்! எவன் குடியைக் கெடுத்துட்டு வந்து இப்படி இளிக்கிறானோ" என்பாள். பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் இல்லை அவள். எப்படி ஆனாள் என்பதை நானே கூட இருந்து பார்த்தேன்.

மேற்கு யூட்லாந்தில் எங்கள் ஹாவ்லுண்டில் இருப்பது ஒரே கடை, கூட்டுறவுக் கடை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதன் கல்லாவில் உட்கார்ந்தவள் ரிக்மோர். தலை நரைத்தும் அதே நாற்காலிதான். பால் வாங்க வருகிறவன் பாலோடு சேர்த்து அவள் அபிப்பிராயத்தையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். டிராக்டர் மெக்கானிக் வால்டெமாரைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் யாரிடமும் பேசியதில்லை.

தேர்தல் வந்தால் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் மேசை போட்டுப் பெயர் பார்ப்பதும் சீட்டு எண்ணுவதும் எங்கள் ஊர்க்காரர்களேதான். எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் ஒரே மேசை. ரிக்மோரும் அவளுடைய பள்ளித் தோழி ஹெர்டிஸும் பல வருஷம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எண்ணியவர்கள். கணக்கில் ஒரு சீட்டு இடித்தாலும் எல்லாரும் முனகிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். பிறகு கறுப்பு ரொட்டியில் ஊறுகாய் மீனை வைத்துத் தின்றுவிட்டு, யார் ஜெயித்தால் என்ன என்று வீட்டுக்குப் போவார்கள். ஒருத்தன் கூட ஒரு சீட்டைக்கூட மாற்றி வைத்ததில்லை. அது ரிக்மோருக்குத் தன் கையாலேயே தெரியும்.

அப்புறம் வந்தது அந்தக் கருமம், 'பின்வாசல்' என்ற டிவி நாடகம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆனால் நாடே சோபாவில் ஏறிவிடும். அழகான கோட்டுப் போட்ட ஒரு பெண் அமைச்சர். அவள் காதில் ஓதிக்கொண்டே நடக்கும் ஓர் ஆலோசகன். யாராவது யாருக்காவது பூ கொடுத்தால், அடுத்த காட்சியில் அவன் முதுகில் கத்தி. யாராவது அழுதால், அது கேமராவுக்காக. பின்னணியில் செல்லோ வேறு இழைந்துகொண்டே இருக்கும். நன்றாகத்தான் எடுத்திருந்தான், பாவி. நானும்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வால்டெமாருக்கு மூளையில் ரத்தம் கட்டி ஒரு பக்கம் விழுந்தது. பேச்சு போய்விட்டது. ஊர் நடுவிலேயே இருக்கும் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது, ரிக்மோர் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். தினமும் கடை திறக்கும் முன்னே போய், பிரஷ்ஷால் நுரை தடவி அவனுக்குச் சவரம் செய்துவிடுவாள். நுரை மூக்கில் பட்டால் அவன் சிரிப்பான். அவனிடம் மிச்சம் இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதைப் பார்க்காமல் அவளுக்குப் பொழுது விடியாது.

ஞாயிறு மாலைகளில் அந்த இல்லத்துப் பொதுக்கூடத்தில் ரிக்மோர்தான் ராணி. காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, வால்டெமார் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாடகம் ஓட ஓட ஜோசியம் சொல்வாள்.

"இப்போ பாருங்க, அந்த விதவைக்குக் கேக் எடுத்துட்டுப் போறா பாருங்க அமைச்சரம்மா. இவ ஒரு காரியமும் சும்மா செய்ய மாட்டா."

"நல்ல மனசா இருக்கலாமே ரிக்மோர்" என்பார் பழைய தபால்காரர் ஓலுஃப்.

"நல்ல மனசா! உங்க தாடியில கிரீம் ஒட்டியிருக்கு, முதல்ல அதைத் துடைங்க."

அடுத்த பத்து நிமிஷத்தில் அமைச்சர் அந்த விதவையை மேடையில் ஏற்றி அழவைத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு, அதே விதவையின் ஊர் மருத்துவமனையை மூடக் கையெழுத்துப் போடுவாள். கூடமே ரிக்மோரைத் திரும்பிப் பார்க்கும். "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று ஓலுஃப் கேட்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான பேருக்குப் பாலும் வெண்ணெயும் விற்றுப் பழகியவளை, முதல்முறையாக யாரோ புத்திசாலி என்று சொல்கிறார்கள். யாருக்குத்தான் பிடிக்காது?

எழுதுகிறவன் எழுதி வைத்ததை முன்கூட்டிச் சொல்வது ஒரு வித்தையா என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த தேர்தலுக்கு எண்ணக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை. "எல்லாம் கண்துடைப்பு, எனக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

ஹெர்டிஸ் அதற்குள் நகர்மன்ற உறுப்பினர் ஆகியிருந்தாள். பகலில் பன்றிப் பண்ணை, மாலையில் கழிவுநீர்க் குழாய், சாலைப் பள்ளம், பள்ளிக்கூட ஜன்னல் என்று கூட்டம். அதில் ஒரு கோட்டும் இல்லை, செல்லோவும் இல்லை. கூட்டத்துக்கு வரும்போது கூட அவள் மேல் பன்றி வாடை லேசாக வரும். பக்கத்து ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில் நகர்மன்றம் எங்கள் முதியோர் இல்லத்தை மூடலாமா என்று யோசித்தது. கூரை ஒழுகுகிறது, கொதிகலன் பழசு, தூரத்து நகரத்தில் புது இல்லம் கட்டியாகிவிட்டது, இதுதான் காரணம். இதில் எந்தச் சூழ்ச்சியும் இல்லை. ஆனால் மூடினால் வால்டெமார் போய்விடுவான். ரிக்மோருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த நகரத்துக்குப் பேருந்து எப்போதாவதுதான், ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை ஹெர்டிஸ் ரிக்மோர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் கேக். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் மேலே உருகி நிற்கும் கேக். எங்கள் பக்கம் வெறுங்கையோடு யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். அதே கேக்கை அதே தட்டில் ஹெர்டிஸ் கையால் ரிக்மோர் எத்தனையோ தடவை தின்றிருக்கிறாள். கல்யாணத்துக்கு, வால்டெமார் விழுந்த வாரத்துக்கு, சும்மா மழை பெய்த நாளுக்கு.

இந்தத் தடவை அவள் தட்டை வாங்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"இதுக்குப் பதிலா உனக்கு என்ன வேணும்?" என்றாள்.

ஹெர்டிஸ் சிரித்தாள். "காபி வேணும்டி, வேறென்ன. உள்ளே விடு, குளிருது."

"விஷயத்தைச் சொல்லு."

ஹெர்டிஸ் வாசல்படியில் நின்றபடியே சொன்னாள். "வியாழக்கிழமை ஊர்க்கூடத்துல பொதுக்கூட்டம். மன்றத்துல பாதிப் பேர் மூடணும்கிறான், பாதிப் பேர் வேணாம்கிறான். ஈவர்தான் நடுவுல நிக்கிறான். அவனுக்கும் படுத்த படுக்கையா ஒரு அம்மா இருக்கா. நீ வந்து ரெண்டு வார்த்தை பேசுடி. காலையில போய் வால்டெமாருக்குச் சவரம் பண்றியே, அதைச் சொன்னாப் போதும். கணக்கு வழக்கெல்லாம் நான் பார்த்துக்கறேன். ஊரையும் கூட்டிட்டு வா, நீ சொன்னா வருவாங்க."

சவரம் என்ற சொல்லைக் கேட்டதும் ரிக்மோருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்துக்கொண்டாள். கேக், விதவை, மேடை, கண்ணீர், கைதட்டல். போன ஞாயிற்றுக்கிழமைதானே பார்த்தாள்! நவம்பரில் தேர்தல் வேறு வருகிறது.

"சீ!" என்றாள். "என் புருஷன் வாயில எச்சில் ஒழுகுறதை மேடையில காட்டி ஓட்டு வாங்கப் பார்க்கிறியா? உனக்கு வெக்கமா இல்லை? மூடுறதுன்னு எப்பவோ மேலே பேசி முடிச்சுட்டீங்க. கடைசியில அழறதுக்கு ஒரு ஆள் வேணும், அதுக்கு நான்!"

"ரிக்மோர், என்னடி பேசறே? நான் ஹெர்டிஸ்டி."

"தெரியுது. நல்லாவே தெரியுது. கேக்கை எடுத்துட்டுப் போ."

ஹெர்டிஸ் கேக்கின் மேல் துணியை இழுத்து மூடினாள். பிறகு தட்டை மேலங்கிக்குள் மழை படாமல் அணைத்துக்கொண்டு போனாள்.

அதோடு விட்டாளா ரிக்மோர்? திங்கள் முதல் கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "வியாழக்கிழமை போகாதீங்க. நாடகம் போடறாங்க. நாம கைதட்டணுமாம்." ஊர் அவள் பேச்சைக் கேட்டது. கேட்காமல் என்ன? ஞாயிறுதோறும் அவள் சொன்னது அப்படியே நடக்கவில்லையா! நானும் போகவில்லை. அன்றைக்கு மழை, செருப்பு நனையும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் மன்றம் ஓட்டெடுத்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் இல்லத்தை மூட முடிவானது.

"சொன்னேனா இல்லையா?" என்றாள் ரிக்மோர், கடையில் எல்லார் காதிலும் விழும்படி. "எப்பவோ முடிவு பண்ணின விஷயம்!" அன்றைக்கு அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அருவருப்பின் உச்சம். சொந்தப் புருஷனைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள், இவளுக்குத் தன் ஜோசியம் பலித்ததில் பெருமை.

பனி விழத் தொடங்கியதும் வால்டெமாரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். புது இல்லம் பளபளவென்று இருந்தது, குறை சொல்ல முடியாது. ரிக்மோர் பேருந்து கிடைக்கிற நாளில் போனாள். அங்கே மிஷினால் யாரோ அவசரத்தில் சவரம் செய்துவிடுகிறார்கள், தாடைக்குக் கீழே எப்போதும் ஒரு திட்டு முடி விட்டுப் போகும். அவள் விரலால் அந்த இடத்தைத் தடவுவாள். அவன் சிரிப்பதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருப்பான்.

ஹெர்டிஸ் தேர்தலில் நிற்கவே இல்லை. "பார்த்தீங்களா, காரியம் முடிஞ்சதும் கழண்டுக்கிட்டா. அவளும் மூடத்தான் ஓட்டுப் போட்டிருப்பா" என்றாள் ரிக்மோர். அந்தக் கூட்டமே நாடகம்தான் என நிரூபித்தே தீர வேண்டும் என்று வெறி வந்தது அவளுக்கு. மன்றம் தன் கூட்டங்களையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டு வைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேருந்து இல்லாத நாளில், சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தைத் தேடி எடுத்தாள்.

கூடம் நிறைய நாற்காலி. ஆள் இல்லை. மன்றத்தார் ஒரு பக்கம், எதிரே மூன்று கிழவர்கள், அதில் ஒருவர் ஓலுஃப். எங்கள் வழக்கப்படி கூட்டம் பாட்டோடுதான் தொடங்கும். பியானோக்காரர் வாசிக்க, அந்தக் காலிக் கூடத்தில் நாலைந்து குரல்கள் இழுத்து இழுத்துப் பாடின. பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

ஹெர்டிஸ் எழுந்தாள். கூரைச் செலவு, கொதிகலன், எல்லாம் சொன்னாள். பிறகு, "இங்கே தினமும் காலையில தன் வீட்டுக்காரருக்குச் சவரம் பண்ணிவிடற ஒரு அம்மா இருக்காங்க. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன், அவங்களுக்குப் பிடிக்காது. தூரத்துக்குப் போனா அது நின்னுடும்" என்றாள்.

"இப்போ கண்ணைத் துடைப்பா பாரு" என்றாள் ரிக்மோர் திரையைப் பார்த்து, பழக்க தோஷம். ஹெர்டிஸ் துடைக்கவில்லை. கரகரவென்று இருமிவிட்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் ஈவர் எழுந்தான். காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தான். "நான் முடிவு பண்ணாமதான் வந்தேன். உங்க முகத்தைப் பார்த்து முடிவு பண்ணலாம்னு வந்தேன். ஊருக்கே அக்கறை இல்லாதப்போ நான் எதைச் சொல்லிக் கூரைக்குச் செலவு பண்ணச் சொல்றது?" என்றான்.

கூட்டம் கலைந்தது. கேமராவை யாரும் அணைக்கவில்லை. இப்போது இவர்கள் தனியே கூடிக் குசுகுசுப்பார்கள் என்று ரிக்மோர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். ஈவர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். ஹெர்டிஸ் யாரும் தொடாத கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். வெட்டப்படாத கேக்கை மூடி வைத்தாள். பிறகு ஊருக்கென்று போட்டிருந்த அத்தனை நாற்காலிகளையும் ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்தாள். நாற்காலிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ரிக்மோர் கடைசி நாற்காலி வரைக்கும் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய்க் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வாங்கினாள். கடைசியாக எப்போது செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை, ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது. அதைச் சுரண்டிவிட்டு, நல்ல தட்டாகப் பார்த்து வைத்துக்கொண்டு, காற்றில் குனிந்து நடந்து ஹெர்டிஸின் பண்ணைக்குப் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஹெர்டிஸ் ரப்பர் பூட்ஸோடு கதவைத் திறந்தாள். ரிக்மோரைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"சும்மாதான்டி... காபி குடிக்கலாம்னு..."

"சும்மாவா?" என்றாள் ஹெர்டிஸ். "இதுக்குப் பதிலா உனக்கு என்ன வேணும்?"

சிரிப்பாள் என்று ரிக்மோர் காத்திருந்தாள். ஹெர்டிஸ் சிரிக்கவில்லை. பாதி திறந்த கதவில் கையை வைத்தபடி, பதில் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.