ஐந்து மாதம் காதைக் காட்டி வேலை பார்த்த கதை

என் மேலதிகாரி ஃப்ராவ் வெபருக்கு என் இடது காது நன்றாகத் தெரியும். முகத்தை அவர் ஒரே ஒரு தடவை, வேலைக்கு எடுத்த அன்று பார்த்ததோடு சரி. அதன்பின் ஐந்து மாதமாகக் காதுதான். இங்கே ஜெர்மனியில் பெண் மேலதிகாரியை ‘ஷெஃபின்’ என்பார்கள். நம் தேயிலைத் தோட்டத்து வழக்கப்படி பார்த்தால் துரை. ஒரு துரைக்குக் காதை மட்டும் காட்டி நான் சம்பளம் வாங்கியதற்குக் காரணம் ஒரு பழைய மொனிட்டர்.

டோர்ட்முண்டில் வீட்டிலிருந்தபடியே நான் பார்க்கும் வேலை, சலவை இயந்திரம் திருத்துகிறவர்களைத் தெருவாரியாகப் பிரித்து அனுப்புவது. ஒரு பக்கம் ஆட்களின் பெயர்கள் வேண்டும், மறுபக்கம் நகர வரைபடம் வேண்டும். கம்பனி தந்த லெப்டொப்பில் இரண்டையும் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடும். ஆகவே பழைய சாமான் கடையில் பெரிய மொனிட்டர் ஒன்று வாங்கிச் சாப்பாட்டு மேசையின் வலப்பக்கம் வைத்தேன். லெப்டொப் இடப்பக்கம், கெமரா அதன் உச்சியில். கூட்டம் என்றால் ஃப்ராவ் வெபரைப் பெரிய திரைக்கு இழுத்துவிட்டு அவரைப் பார்த்தே பேசுவேன். கெமரா பக்கவாட்டிலிருந்து என் காதையும் தோட்டையும் அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இலங்கையில், எங்கள் பூனாகலைத் தோட்டத்திலிருந்து அம்மாவும் வீடியோ கோலில் அதே காதைத்தான் பார்க்கிறாள், ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இந்த நாட்டில் வேலை நிரந்தரமாவதற்கு முன் ஆறு மாத ‘புரோபெட்சைட்’ உண்டு. அதுவரை எந்த நேரமும் வீட்டுக்கு அனுப்பலாம். அது முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஃப்ராவ் வெபர் திடீரென்று கேட்டார்:

“உங்களோடு அறையில் யார் இருக்கிறார்கள்?”

“யாருமில்லையே.”

“நான் எது கேட்டாலும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறீர்கள்.”

நான் உண்மையானவள் என்று காட்ட, அவர் கண்ணையே பார்த்து, “சத்தியமாக யாருமில்லை” என்றேன். அதாவது மறுபடியும் ‘அந்தப் பக்கம்’ பார்த்தேன்.

“அவருக்கு நன்றாக ஜெர்மன் வருமோ?” என்றார் ஃப்ராவ் வெபர்.

என் வேலையை வேறொருவன் பக்கத்தில் ஒளிந்திருந்து செய்துகொடுக்கிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை தனியாகப் பேசுவோம் என்று சொல்லித் திரையை விட்டுப் போனார். இந்த வேலை போனால் விசாவும் போகும்.

பூனாகலையில் எங்கள் டிவிசனில் விடிந்ததும் பெரட்டு. எல்லோரும் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து விடுவார்கள். துரை வந்து நின்றால் பெண்கள் தலையெல்லாம் தரையைப் பார்க்கும். அவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் அது திமிர். ஒருநாள் அம்மா மறந்துபோய் நிமிர்ந்து பார்த்து, “நேத்து மழைங்க தொர, அதான் கொழுந்து கொறைஞ்சிருச்சு” என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அட்டைக்கடி நிறைந்த கடைசி மலைதான் கிடைத்தது. காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே எனக்குச் சொல்வாள்: “பள்ளிக்கூடத்துலயும் தலைய குனிஞ்சே பேசு பாப்பா.”

அப்படியே பேசினேன். பதுளைக்குப் படிக்கப் போனபோதும் குனிந்தேன், கொழும்பிலும் குனிந்தேன். எங்கள் பரம்பரையிலேயே ஒரு துரையின் முகத்தை நேருக்கு நேராக, அதுவும் பெரிய மொனிட்டர் அளவில், மூக்கின் மேலிருக்கும் மச்சம் வரைக்கும் பார்த்துப் பேசிய முதல் ஆள் நான்தான். எனக்கு உள்ளுக்குள் அதில் கர்வம்கூட இருந்தது. அதைப் போய், கண்ணைப் பார்க்காமல் பேசுகிறாள் என்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஃப்ராவ் வெபர் திரையில் வந்ததும், “அந்த ஆளைக் காட்டுகிறேன்” என்றேன். அவர் முகம் இறுகியது. லெப்டொப்பைத் தூக்கி, கெமராவை மொனிட்டர் பக்கம் திருப்பினேன். பெரிய திரை நிறைய ஃப்ராவ் வெபர். அதன் மூலையில், என் கெமரா பிடிப்பதைக் காட்டும் சின்னத் திரையில் இன்னொரு ஃப்ராவ் வெபர், அதற்குள் இன்னும் சின்னதாக ஒருவர். எல்லா ஃப்ராவ் வெபர்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“நீங்கள் என்னையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?”

“ஐந்து மாதமாக.”

பிறகு சின்னவர் பெரியவர் எல்லோரும் சேர்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்கள். மன்னிப்பும் கேட்டார். ஒரு துரை மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பழக்கதோஷத்தில் தலை குனிந்தேன். மூன்று வாரத்தில் நிரந்தரக் கடிதம் வந்தது. கூடவே மொனிட்டரின் தலையில் மாட்டும்படி ஒரு கெமராவும் கம்பனி செலவில் வந்தது.

அன்றைக்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் புதுக் கெமராவைப் போட்டு அம்மாவுக்கு எடுத்தேன். முதன்முறையாக என் முழு முகம் பூனாகலைக்குப் போனது. அம்மா ஃபோனைத் தள்ளிப் பிடித்தாள்.

“என்னா பாப்பா இப்புடி மொறைக்கிற? தொர பாக்குற மாதிரியே இருக்கு. பழையபடி திரும்பு.”

“மூஞ்சி நல்லாத் தெரியுதுல்லம்மா?”

“தெரியுது, தெரியுது.” ஃபோனை மறுபடி கிட்டக் கொண்டுவந்தாள். “அந்தக் காது அப்புடியே ஒங்கப்பா காது. தெனம் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அப்பா தவறிப்போனபோது நான் இங்கே விசாவுக்காகக் காத்திருந்தேன். முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூடப் போக முடியவில்லை. அவர் காது எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இப்போது என் மேசையில் இரண்டு கெமராக்கள். மொனிட்டரின் தலையில் இருப்பது ஃப்ராவ் வெபருக்கு. அதில் நான் நிமிர்ந்து நேராகப் பார்க்கிறேன். மதியம் அதை அணைத்துவிட்டு லெப்டொப் கெமராவைத் திறக்கிறேன். முடியை ஒதுக்கி இடது காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, பெரிய திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி, அவளுக்கு அப்பாவின் காதைக் காட்டிப் பேசுகிறேன்.