பால் கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல்

எங்கள் சித்தப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்று உறவில் யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒரு பஸ் நிறைய ஆட்களை அவர் ஏமாற்றியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சும்மா பார்த்தவள்கூட இல்லை, கூட்டுக் களவாணி. ஏமாற்றிக் கொண்டுபோன சாமான் என் மடியில்தான் இருந்தது.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டாம் வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. டவுனில் உப்பளம் பகுதியில் குடியிருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அவருக்கு டிரைவர் வேலை. ஊரில் எல்லாரும் சொல்வதுபோல நாங்களும் அந்த மனிதரை முசே என்போம். ஊசுட்டேரிக் கரையில் முசேவுக்கு ஒரு பங்களா இருந்தது. அதன் பின்பக்கம் ஏரிக்குள் நீண்ட பலகைத் துறையும் அதில் கட்டிய மோட்டார் போட்டும் உண்டு. புயலில் உடைந்து நின்ற கடற்பாலத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் பாலம்தான். அதற்கு முசே பாலம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்த வருஷம் முசே கப்பலேறிப் போய்விட்டார். போகும்போது சித்தப்பாவிடம் போட்டைக் கொடுத்து, இதை விற்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து சேர், பிரான்சில் மர்செய் நகரத்தில் என் தம்பியின் கராஜில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் அப்போது அதே பேச்சு. சித்தப்பா மட்டும், முதலில் போட் விற்கட்டும், அப்புறம் எழுதிக் கொடுக்கிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் ரூ துமாஸ் தெருப் பக்கம் ஒரு தையற்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்ததும் அவர்தான்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். சித்தப்பா போய் நிலைத்துவிட்டால் அண்ணன்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொள்வார் என்று அப்பா கணக்குப் போட்டார். பெரிய அண்ணனுக்கு வாட்ச் வேண்டும், சின்னவனுக்குப் பேனா. அம்மாகூட வெட்கத்தோடு ஒரு சென்ட் பாட்டில் கேட்டாள். எனக்கு என்ன வேண்டும் என்று சித்தப்பா கேட்டபோது நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். அந்த வீட்டில் என்னை ஒரு மனுஷியாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அண்ணன்களுக்கு நான் 'ஏய்'. அப்பாவுக்கு நான் தண்ணீர் கொண்டுவரும் ஆள். சித்தப்பாவுக்கோ மத்முசேல், பிரெஞ்சுக்காரர்கள் இளம்பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். "மத்முசேல், காத்தாட வரியா?" என்று வாசலில் நின்று கூப்பிடுவார். அவர் போய்விட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்? இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

விழுப்புரத்திலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் போட்டை வாங்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஓட்டிக் காட்டினால் அன்றைக்கே எடுத்துக்கொள்வாராம். முசேவின் கார் இருந்தவரை பெட்ரோல் காரோடு ஏரிக்குப் போய்விடும். இப்போது காரும் இல்லை. சைக்கிளைப் பெரிய அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்தது ஏரிக்குப் பக்கத்துக் கிராமமான பத்துக்கண்ணு போகும் பஸ். பெட்ரோல் டின்னைப் பார்த்தால் கண்டக்டர் ஆளையும் சேர்த்து இறக்கிவிடுவார்.

சித்தப்பா யோசித்தார். அம்மாவின் பால் கேனைக் கேட்காமல் எடுத்தார். பங்க்கில் ஐந்து லிட்டர் பெட்ரோல் பிடித்து, அதற்குரிய ஆயிலையும் கலந்து, வாழையிலையை வாய்க்கு வைத்து மூடியை அழுத்தினார்.

"மத்முசேல், நீ மடியில வச்சிக்கிணு குந்து. பொட்டப்புள்ள வச்சிருந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

என்ன மூளை, என்ன திட்டம்! ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். பால் கிராமத்திலிருந்து டவுனுக்கு வரும். டவுனிலிருந்து கிராமத்துக்குப் பால் கொண்டுபோன முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நெல்லித்தோப்பு தாண்டுவதற்குள் கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார். "இன்னாய்யா இது, பத்துக்கண்ணுல இல்லாத பாலா? அங்கேருந்துதான நாங்க தெனம் ஏத்திக்கிணு வரோம்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சித்தப்பாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு அவர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, அடேயப்பா!

"பால்தெளிக்குப் போறோம்ணே. இவ தாத்தா தவறிட்டாரு. நாங்க டவுன்ல வச்சிருக்கிற மாட்டுப் பாலத்தான் கடைசிவரைக்கும் குடிச்சாரு. அந்தப் பாலயே கொண்டாந்து ஊத்தணும்னு சொல்லிட்டுப் பூட்டாரு."

எனக்கு அப்போது இரண்டு தாத்தாக்களும் கல்லுக்குண்டாக இருந்தார்கள். ஆனால் இறந்தவருக்குப் பால் தெளிக்கப் போகிறோம் என்றபின் அந்தக் கேனை யார் தொடுவார்கள்? கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். எதிர் சீட்டுக்காரர் துக்கம் விசாரித்துக்கொண்டே பீடி ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். தீக்குச்சி உரசப் போன கையைச் சித்தப்பா பாய்ந்து பிடித்தார்.

"வேணாண்ணே. எழவு வூட்டுப் பாலு. பொக பட்டா ஆவாது."

அவர் பதறிப்போய்ப் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். அந்தக் குச்சி பற்றியிருந்தால் பஸ்ஸே பற்றியிருக்கும். அன்றைக்கு அது புரியவில்லை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. மடியில் இருக்கிற இந்த ஐந்து லிட்டர் ஏரிக்குப் போனால் போட் ஓடும், ஓடினால் விற்கும், விற்றால் சித்தப்பா போய்விடுவார். அவரை ஊரைவிட்டு அனுப்புகிற சாமானை நானே சுமந்துகொண்டு போகிறேனே என்று நினைத்ததும் கேனைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அய்யோ, கொயந்த எப்பிடி உருகுது பாரு," என்றாள் பின்னாலிருந்த ஒரு அம்மாள். "அழுவாத கண்ணு, தாத்தா சாமிகிட்ட பூட்டாரு." வில்லியனூரில் இறங்கும்போது என் கையில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். நடிப்பு பிரமாதம் என்று சித்தப்பா என் தொடையில் மெல்லத் தட்டினார்.

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்ததும், கேனைப் பாலத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, காவல்காரரிடம் சாவி வாங்கி வருகிறேன் என்று சித்தப்பா முன்பக்கம் போனார். நானும் கேனும் மட்டும். ஏரியில் நாரைகள் நின்றன. ஏரியில் கொட்டினால் மீன் செத்துவிடும் என்று கேனைப் புதரோரம் இழுத்துப் போய்க் கவிழ்த்தேன். பாதி மண்ணில், மீதி என் கையிலும் பாவாடையிலும். பிறகு ஏரித் தண்ணீரை முகந்து கழுத்துவரை நிரப்பி, வாழையிலையை வைத்து மூடினேன். எடையில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

ரைஸ்மில்காரர் காரில் வந்து இறங்கினார். குடை பிடிக்க ஒரு ஆள், காருக்கு ஒரு டிரைவர். சித்தப்பா போட்டில் இறங்கி எஞ்சினின் டேங்கைத் திறந்தார். புனலின் மேல் ஒரு மெல்லிய மஞ்சள் தோலை விரித்தார். எப்போதும் அதில்தான் வடிகட்டுவார். தூசி விழாமல் இருக்க என்று நினைத்திருந்தேன். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது என்பதை இருபது வருஷம் கழித்து ஒரு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கேனைச் சாய்த்ததும் தோலின் மேல் தண்ணீர் அப்படியே குளம் கட்டி நின்றது. சித்தப்பா அதைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து, பலகையில் நின்ற என் ஈரப் பாவாடையைப் பார்த்தார். பிறகு தோலை உதறி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேனில் இருந்ததை நேராக டேங்கில் ஊற்றினார்.

கயிற்றைச் சுற்றி இழுத்தார். எஞ்சின் இருமக்கூட இல்லை. மறுபடி இழுத்தார். மறுபடியும். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

"கார்லேருந்து கொஞ்சம் பெட்ரோலு எடுத்து ஊத்திப் பாக்கலாமா?" என்று டிரைவர் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"வேணாம்பா," என்றார் சித்தப்பா, திரும்பிப் பார்க்காமலே. "பெட்ரோல்ல ஒண்ணும் கொற இல்ல. மெசினு பூட்டுது."

"ஓடாத போட்ட எடுத்துப் போயி நான் இன்னா நெல்லு அவிக்கவா?" என்று ரைஸ்மில்காரர் எரிந்து விழுந்தார். குடை முன்னே போக, அவர் பின்னே போக, கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

மெஷின் கெட்டுவிட்டது என்ற சேதி பரவியபின் வேறு யாரும் வாங்க வரவில்லை. ஆறு மாதமும் ஓடிவிட்டது. சித்தப்பா எழுதிக் கொடுக்கவில்லை. துப்புக்கெட்டவன் என்று அப்பா வருஷக்கணக்கில் திட்டினார். சித்தப்பா நெல்லித்தோப்பில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்தார், கல்யாணம் செய்தார், தைத்த கோட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார். மர்செய்யிலிருந்து லீவில் வருகிறவர்கள் தெருவில் சாக்லெட் கொடுக்கும்போது மட்டும் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விடுவார். நானோ, ஊரையே ஏமாற்றிச் சித்தப்பாவை நிறுத்திக்கொண்ட கெட்டிக்காரி என்று உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். தோலின் விஷயம் தெரிந்த நாளில் நேரே கடைக்குப் போய் அவர் முன்னால் நின்று அழுதேன். நீங்கள் தெரிந்தேதான் விட்டீர்களா, ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கையில் ஸ்பேனரோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாரும் அது வேணும், இது வேணும்னாங்க. போவாத சித்தப்பான்னு நீ ஒருத்திதான் சொன்ன."

நான் சொல்லவே இல்லையே என்றேன்.

"அஞ்சு லிட்டர் பெட்ரோல மண்ணுல கொட்டிட்டு, சொல்லலன்றியா?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு வருத்தம் இருந்ததா என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் கார் போனபின் ஏரிக்கரையில் நாங்கள் இரண்டு பேர்தான். திட்டு விழும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா பாலத்தின் நுனியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பாவாடையைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தார். ஈர மண்ணை அள்ளி என் இரண்டு கைகளிலும் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணைக்கூட விடவில்லை. வேர்க்கடலை தின்னத்தானே இவ்வளவு கழுவுகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் மண் போட்டுத் தேய்த்தார். "வூட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட போயி ஒட்டிக்கிணு நிக்காத, இன்னா?" என்றார். தலையாட்டினேன்.

பிறகு என் கையை மெல்லத் தூக்கி, குனிந்து, தன் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். பங்களாவுக்கு வரும் மதாம்களின் கையை முசே அப்படித்தான் முத்தமிடுவார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெரிய மதாமாகவே ஆகிவிட்டதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு, அடுத்த கையையும் அவரிடம் நீட்டினேன்.