ஒரு நாள் முன்னதாக வந்த அசனம்

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். இப்போதைய மண்டபங்களில் எது முன்பக்கம் என்று எனக்குப் பிடிபடுவதே இல்லை. நுழைந்த இடம் சமையல் நடக்கும் இடம். கேஸ் தீர்ந்துவிட்டதோ என்னவோ, செங்கல் அடுக்கி விறகடுப்பு மூட்டியிருந்தார்கள். ஈர விறகின் புகை, அதற்கு மேலே கத்தரிக்காய் வதங்கும் மணம். மணமக்களை மறந்து அங்கேயே நின்றேன். சமையல்காரர் என்னைப் பசித்து வந்தவன் என்று நினைத்து, பந்தி போட இன்னும் நேரமிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்.

அந்த மணம் எனக்குக் கல்யாணத்தை நினைவூட்டுவதில்லை. பீர்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தையும், ஐப்பசி மழையையும், அருளப்பன் வளர்த்த ஒரு கிடாவையும்தான் நினைவூட்டும்.

எழுபதுகளின் நடுவில் அந்தத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். எங்கள் கல்பாத்தி அக்ரஹாரத்தை விட்டு வெளியே தங்கியது அதுதான் முதல் முறை. "கண்ட எடத்துல சாப்டாதே, கேட்டியா" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கண்ட இடத்தில் சாப்பிடாமல் இருக்கவேண்டுமென்றால் நானே சமைக்கவேண்டும். சமைத்துவிடலாம், அதைச் சாப்பிடுவதுதான் கஷ்டம். என் குவார்ட்டர்ஸுக்குக் கீழே வரிசையாக இருந்த தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்த புஷ்பம், என் வீட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்தே எது தீய்ந்தது என்று சொல்லிவிடுவாள். அவள் கொழுந்து எடுக்கப் போவாள். அவள் கணவன் அருளப்பனுக்கு ஃபேக்டரியில் வேலை.

அந்த லைனில் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அவர்கள் கோயில் என்று சொன்னால் சர்ச். இது தெரியாமல் சேர்ந்த புதிதில் கோயில் எங்கே என்று கேட்டு, விபூதி வைத்த நெற்றியோடு தகரக்கூரை போட்ட ஜெபக்கூடத்துக்குள் போய் நின்றிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அங்கே ஆராதனை நடத்தியவர் செல்லையா உபதேசியார். அவருக்குப் பிடித்த பிரசங்கம் ஒன்றே ஒன்று: நமக்கு அயலான் யார்? வழியில் அடிபட்டுக் கிடந்தவனை முன்பின் தெரியாத ஒருவன் காப்பாற்றிய கதையை அவர் எத்தனை தடவை சொன்னாரோ, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே சைக்கிளைத் துடைத்தபடி கேட்டுக் கேட்டே எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கோயிலில் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் சேர்த்து, ஒரே பந்தியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவது. கறிச்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். பிள்ளைகள் அந்த நாளை வைத்தே காலத்தைக் கணக்கிடுவார்கள். அந்த வருஷம் கறிக்கு அருளப்பனின் கிடா. மகள் எஸ்தர் காய்ச்சலில் பிழைத்து எழுந்ததற்காக நேர்ந்து வளர்த்தது. ஃபேக்டரி விட்டு வந்ததும் அதற்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் அவனே காப்பி குடிப்பான்.

அசனத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலையில், ரோட்டில் மண் சரிந்தது. குமுளியிலிருந்து கோட்டயம் போகும் பஸ் நின்றது. திரும்பலாம் என்றால் பின்னாலும் ஒரு மரம் விழுந்துவிட்டது. தோட்டத்துக்கு எதிரே, வளைவில், ஒரு பஸ் நிறைய ஜனம். பக்கத்தில் இருந்த ஒரே டீக்கடையில் வடையும் பழமும் அரைமணியில் தீர்ந்துபோயின. மத்தியானத்துக்குள் குழந்தைகள் அழத் தொடங்கின.

உபதேசியார் கோயிலில் எல்லாரையும் கூட்டினார். அசன அரிசியை இன்றைக்கே உலையில் போட்டுவிடலாம் என்றார். வருஷம் முழுக்கக் காத்திருந்த நம் பிள்ளைகளுக்கு நாளைக்கு என்ன கொடுப்பது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மற்றவர்கள் மெல்ல இணங்கியபிறகும் அருளப்பன் மட்டும் இணங்கவில்லை. "அரிசியப் போடுங்க. கெடாயத் தர மாட்டேன். ஆண்டவருக்கு நேர்ந்தத வழிப்போக்கனுக்கு வெட்டச் சொல்லுதியளா?" என்றான்.

பின்னால் நின்றிருந்த புஷ்பம்தான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"எஸ்தரு காய்ச்சல்ல கெடந்தப்போ ரோட்டுல நின்னு கைய காட்டுனோமே, ஜீப்ப நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் யாரு? பேரு தெரியுமா ஒங்களுக்கு? அவனும் வழிப்போக்கன்தான்."

அருளப்பன் எழுந்துபோய்க் கிடாவை அவனே அவிழ்த்துக் கொண்டுவந்தான்.

என்னைப் போலக் கறி சாப்பிடாதவர்களுக்குத் தனிப் பானையில் கத்தரிக்காய்க் குழம்பு என்று முடிவானது. காய் நறுக்கும் பொறுப்பு எனக்கு. அரிவாள்மணையைப் பஸ் ஜன்னலுக்கு நேர் கீழே, டீக்கடை ஓரத்தில் கொண்டுவந்து போட்டாள் புஷ்பம். ஜன்னல் ஓரத்தில், எங்கள் கல்பாத்திக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்து நிறைய நகை. யார் கூப்பிட்டும் இறங்கவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டார். லைன் வீட்டு ஜனங்களின் கையால் சாப்பிடுவதா என்ற தயக்கம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. புஷ்பமும் வற்புறுத்தவில்லை.

நான் நறுக்க ஆரம்பித்தேன். ஒரு துண்டு கட்டைவிரல் அளவு, அடுத்தது கடுகு அளவு. அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, காயி அரியறதுங்களா இது? தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று இறங்கி வந்துவிட்டார்.

காய் நறுக்கினார், புளி கரைத்தார், உப்புப் பார்த்தார். அடுப்பை ஊதிய புஷ்பத்திடம் வீட்டு விஷயமெல்லாம் பேசினார். கடைசியில் ஜெபக்கூடத்துப் பாயில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். என்னை அந்த இடத்தில் உட்காரவைத்தது தற்செயலா என்று புஷ்பத்திடம் பிறகு கேட்டேன். அவள் சொன்ன பதில்: "ஒமக்கு வெளிச்சம் வேணும்லா, சார்."

அருளப்பன் கறிவாளியைத் தூக்கினான். முதல் சுற்றில் முகம் கொடுக்காமல்தான் ஊற்றிக்கொண்டு போனான். ஒரு கிழவர் இலையை வழித்துவிட்டு, கறி யார் வீட்டுப் பக்குவம் என்று கேட்டார். இரண்டாவது சுற்றில் அருளப்பன் எஸ்தரைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே அவருக்குப் பரிமாறவைத்தான். அம்மா சொன்னதை மறக்காமல், கண்ட இடத்தில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ரோடு சரியானது. மண்ணை அள்ளியதில் தோட்டத்து ஆட்களோடு பஸ் பயணிகளும் இருந்தார்கள். வண்டி கிளம்பும்போது, ஏதோ கல்யாண வீட்டிலிருந்து போகிறவர்களைப் போல ஜன்னலுக்கு ஜன்னல் கை ஆட்டினார்கள்.

மறுநாள் அசனத்துக்குக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. உபதேசியார் எழுந்து நின்று, "பிரசங்கம் நேத்தே முடிஞ்சிட்டு. கஞ்சி ஆறிரும், சாப்பிடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பிரசங்கம் அதுதான்.

இரண்டு வருஷம் முன்பு அந்த வழியாகப் போனேன். ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. லைன் வீடுகள் பலவற்றில் ஓடு இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்விட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். மலையை வெட்டி ரோட்டை அகலமாக்கி, வளைவையும் நேராக்கிவிட்டார்கள். நான் நின்ற நேரத்தில் ஒரு பஸ் வந்து, வேகம் குறையாமல் போனது. யார் முகமும் தெரியவில்லை. அந்த இடத்தைக் கடக்கிற நேரத்தில் இப்போது ஒருவருக்கும் பசி எடுக்க வழியில்லை.