பாதி ஸ்கேனில் சொன்ன சேதி

எங்கள் ஸ்கேன் அறையில் அவருக்குப் பெயர் 'அசையாதீங்க' அண்ணன். நாள் முழுக்க மைக்கில் அந்த ஒரு சொல்தான். சாப்பிடப் போகும்போது தன் நாற்காலியிடமும் அதையே சொல்லிவிட்டுப் போவார். ஆனால் படத்தில் தெரிவதைப் பற்றி நோயாளி வீட்டாரிடம் மூச்சு விடமாட்டார். அது டாக்டர் வேலை. எவ்வளவு கெஞ்சினாலும் கல்லுளிமங்கன் மாதிரி நிற்பார்.

அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அதிலிருந்து கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் திரும்பமாட்டார். மூளை சத்தத்தை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று ஆராயும் டாக்டரம்மா எங்களிடம்தான் படம் எடுக்கிறார். அண்ணன் காலில் விழாத குறையாகக் கேட்டு மாமாவையும் அதில் சேர்த்தார். அக்காவின் குரலைப் பதிவு செய்தோம். என்ன பேசுவதென்று தெரியாமல், மோட்டாரை நிறுத்த மறந்துடாதீங்க என்றாள், பாவம்.

மாமாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டி உள்ளே தள்ளியது நான்தான். மூளையில் வேலை நடக்கும் இடம் திரையில் சிவப்பாகத் தெரியும்; குரல் ஓடியதும் காதுப் பக்கம் சிவந்தது. அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார்.

"அக்கா, மாமாவுக்கு உன் குரல் தெரியுது!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஸ்கேன் பாதிதான் முடிந்திருந்தது. அடுத்து அதே குரலைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி ஓட்டுவோம். வெறும் உளறலாகக் கேட்கும். பேச்சு புரிகிறவர்களுக்கு அப்போது சிவப்பு குறையும். மாமாவுக்குக் குறையவில்லை. அதற்கடுத்துப் போட்ட கதவு சாத்தும் சத்தத்துக்கும் அதே இடம், அதே சிவப்பு. மறுபடி ஓட்டச் சொன்னார், உள்ளே திரும்பி வந்திருந்த அண்ணன். ஓட்டினோம். மாற்றமே இல்லை. பெண்டாட்டி குரலும் கதவுச் சத்தமும் அந்த மனுஷனுக்கு ஒன்றுதான்.

தான் போய்ச் சொல்வதாக டாக்டரம்மா எழுந்தார். அண்ணன் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது; இந்த வாய் இன்றைக்கா திறக்க வேண்டும்? நானாவது சொல்லியிருக்கலாம். மாமாவின் ஹெட்ஃபோனைக் கழற்றப் போனேன்.

வெளியே அக்கா முகம் கழுவி, மகளுக்குப் போன் பேசி முடித்திருந்தாள். மாமாவைக் கொண்டுவந்ததும் போர்வையை இழுத்துவிட்டு, இனிமேல் வாயே மூடமாட்டேன் என்று அவர் காதருகே சிரித்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"நான் என்ன பேசினா அவருக்குப் பிடிக்குதுன்னு மிஷின்ல பாத்துச் சொல்லேன்டா."

அண்ணன் மாமாவின் ஸ்ட்ரெச்சர் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாமே பிடிக்குதுக்கா."