முதல் படகுக்குத் தங்கக் கிரீடம்

செயலி செய்கிற தொழிலில் ஒரு வசதி: பிழை விட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள், திறக்காமலே விட்டுவிடுவார்கள். சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, "எப்படிப் போகுது?" என்று கேட்பவரைக் கண்டதும் குறுக்கு ஒழுங்கையால் நழுவுகிறவர்களுக்கு இது விளங்கும்.

என் கம்பெனி தில்லையடியில், எங்கள் வீட்டு முன்னறையில். கரைக்குத் திரும்பும் மீன்பிடிப் போட்டில் என்ன மீன், எவ்வளவு என்று புத்தளம் வியாபாரிக்குச் சொன்னால் அவர் ஐஸோடு லொறி அனுப்புவார். செயலிக்கு அவ்வளவுதான் வேலை. நோன்புப் பெருநாளைக்குள் கண்டக்குழிக் கரை மீனவர்கள் இதைப் பாவிக்காவிட்டால், மனைவியின் அண்ணன், என் மச்சானுடைய ஹாட்வெயார் கடையில் நான் ஆணி நிறுக்க வேண்டும். அவர் நல்ல மனுசன். "குந்துறதுக்குக் கதிரை ரெடி மச்சான், அவசரமில்ல."

வெள்ளையில் சாம்பல்

வெள்ளைத் திரையில் மெல்லிய சாம்பல் எழுத்து. மின்விசிறிக்குக் கீழே பார்த்தால் கொஞ்சத் தோன்றும். கண்டக்குழியில் மூத்த மீனவர் ஜவ்பர் நானா சரியென்றால் எல்லாப் போட்டும் சரியென்னும். ஆகவே கொதிக்கிற வெயிலில் அவரிடமே நீட்டினேன். அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். கடைசியில் துவாயால் தலையை மூடி, என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். "தம்பி, போன் ஓஃபா இருக்கு. சார்ஜ் போட்டுட்டு வாங்க."

மூக்கு

எழுத்தைக் கறுப்பாக்கினேன். மீனுக்கு ஒரு பட்டன் வீதம் திரை நிறையப் பட்டன். நானாவின் கையெல்லாம் மீன் வழுவழுப்பு, தொட்டால் திரை அசையவில்லை. இடுப்புச் சாரத்தில் துடைத்தார், சாரம் அதைவிட ஈரம். மனுசன் பொறுமையாகக் குனிந்து மூக்கால் அழுத்தினார். போட்டில் இருந்தது விரலளவு சூடை மீன். மூக்கு பட்டது பக்கத்திலிருந்த சுறாவில்.

வியாபாரி பெரிய லொறியோடு வந்து, சூடைக் கூடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். நானாதான் வாய் திறந்தார். "பட்டனப் பெருசாக்குங்க தம்பி, இல்லாட்டி மூக்குச் சின்ன ஆளாப் பாத்துக் குடுங்க."

கிரீடம்

பட்டன் பெரிதானது, என் தலையும்தான். ஆட்களை உற்சாகப்படுத்த ஒரு பலகை வைத்தேன்: இன்றைக்கு அதிகம் மீன் பட்ட போட்டு மேலே, தங்கக் கிரீடத்தோடு, எல்லாரும் பார்க்க. மறுநாள் கண்டக்குழியின் எல்லாப் போட்டும் ஆளுக்கொரு மீன் பிடித்ததாகச் செயலி சொன்னது. கரையிலோ மீன் குவியல். லொறி வரவில்லை. வெயிலில் மீன் கிடந்து நாறியது, பெருநாளும் நெருங்கியது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நானாவிடம் பாய்ந்தேன். "நெறைய மீன் பட்டா நாங்க பொண்டாட்டிக்கே கொறச்சித்தான் சொல்ற. நீங்க ஊருக்கே கிரீடம் வச்சிக் காட்டுறீங்க. கண்ணூறு பட்டு இஞ்சின் நிண்டா, தண்டு வலிக்க நீங்களா வருவீங்க?"

மிச்சம்

கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கினேன். பலகை, கிரீடம், நிறம், மீன் படம் எல்லாம் போயின. மிஞ்சியது ஒரு பெரிய கறுப்பு வட்டம். முழங்கையால் அழுத்திப் பேசினாலும், குரல் வியாபாரிக்கு மட்டும் போகும். ஜவ்பர் நானா அழுத்தினார், பேசினார், போனை இடுப்பில் செருகிவிட்டு மறந்தே போனார். கரையில் லொறி நின்றது. பாராட்டு ஒன்றும் வரவில்லை. பெருநாளைக்கு முன்பே கண்டக்குழி முழுக்க அழுத்தத் தொடங்கியது. அன்றைக்கு மணலில் குந்தியிருந்து அழுதேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பெருநாளன்று வட்டிலப்பம் சாப்பிட வந்த மச்சான், போனை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒரு வட்டம்தானே இருக்கு. இதுக்கா இவ்வளவு காலமும் கதவப் பூட்டிக்கிட்டு இருந்தீங்க?"

நல்ல வடிவமைப்பென்றால், செய்தவன் என்னதான் செய்தான் என்று மச்சானுக்குக் கடைசிவரை விளங்காமலும், அவர் கடைக் கதிரை காலியாகவும் இருப்பதுதான்.