கப்பலில் தனியாக ஒரு நடை

மாத்தளையில் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தால் நேரே மெயின் ரோடுதான். தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறி லொறிகள் சுவரை உரசுவதுபோலப் போகும். என் மனைவிக்கு முப்பத்து நான்காவது வயதில் வந்த மூளைக் காய்ச்சலில் இரண்டு காதும் போயின. அதன்பின் பதினெட்டு ஆண்டுகளாக அவள் வீதியில் தனியே நடந்ததில்லை. பின்னால் அடிக்கும் ஹோர்ன் அவளுக்குக் கேட்காது. கடைக்கோ கோயிலுக்கோ போனால் ரோட்டுப் பக்கம் நான், உள்பக்கம் அவள். அவளுடைய முழங்கை என் பிடியில் இருக்கும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள், எங்கள் இருவருக்கும் மூன்று இரவுக் கப்பல் பயணம் ஒழுங்கு செய்வதாகச் சொன்னாள். மனைவி கேட்டது ஒன்றுதான்.

"கப்பல்ல வாகனம் ஓடாதுதானே?"

ஓடாது என்று தலையசைத்தேன்.

"அப்ப நான் தனியா நடப்பேன். நீங்க பின்னால வரக்கூடாது."

மகள் அனுப்பிய படிவத்தை நானே நிரப்பினேன். கடவுச்சீட்டு எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். பயணிகளில் யாருக்காவது காது கேளாமை உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அடையாளமிட்டேன். அதற்கு நான் யோசிக்கவேயில்லை.

அது பழைய பழக்கம். மனைவியின் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது தொடங்கியது. "அக்காக்காரி செவிடுன்னு தெரிஞ்சா பரம்பரை வியாதின்னுதான் நெனைப்பாங்க" என்றார் மாமியார். மனைவி தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னவன் நான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பொய் முடியவில்லை. வெளியார் யார் கேட்டாலும் என்னிடமிருந்து வருவது 'இல்லை'தான்.

கப்பல் புறப்படும் முன் ஓர் ஒத்திகை உண்டு. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் குறித்த இடத்தில் கூடவேண்டும். சங்கு ஊதியபோது மணி மூன்று நாற்பது. நான் இரண்டு தளம் மேலே தேத்தண்ணி தேடிக்கொண்டிருந்தேன். மனைவி அறைக்குள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பணியாளர் கதவைத் தட்டியிருக்கிறார், பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்த ஆளைக் கண்டு அவள் போட்ட கூச்சல், படியில் இறங்கிவந்த எனக்கே கேட்டது.

பெண் அதிகாரி ஒருவர் வந்தார். என்னிடம் பேசாமல், ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி மனைவியிடம் நீட்டினார். கதவைத் தட்டினால் மின்னும் விளக்கு, அபாயம் என்றால் தலையணைக்கடியில் அதிரும் கருவி எல்லாம் கப்பலில் இருந்தன. முன்கூட்டியே கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று, இனி மிச்சமில்லை. மனைவி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிறகு என் உதட்டைப் பார்த்தாள்.

"முன்னமே நம்மகிட்ட கேட்டிருந்தாங்களா?"

"ஆமா."

"என்ன போட்டீங்க?"

"இல்லைன்னு."

"எனக்குக் காதுதாங்க கேக்காது. உங்களுக்கு என்ன, கண்ணும் தெரியாதா?"

தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. நடைவழியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாத் தளப் பணியாளர்களுக்கும் அறிவித்து வைக்கட்டுமா என்று அதிகாரி என்னிடம் கேட்டார். வேண்டாம், நான் கூடவே இருப்பேன் என்றேன். அதுவும் தவறு. என்னோடு நடக்க அவள் வரவில்லை. சாப்பாட்டு நேரம் தவிர, இரண்டு நாள் கண்ணாடி ஜன்னலருகே கதிரையில் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அவளே வரவேற்பு மேசைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தில் எழுத்துப்பிழைகள் இருந்தன, பொருள் தெளிவு: எனக்குக் காது கேட்காது. தனியாக நடக்கவேண்டும். என்ன செய்யவேண்டும்?

செய்ய அதிகம் இருக்கவில்லை. படம் எடுத்தார்கள், மஞ்சள் கைப்பட்டி கட்டினார்கள். சங்கு ஊதினால் கிட்ட நிற்கும் பணியாளர் வந்து கூட்டிப்போவார் என்று அதிகாரி எழுதிக் காட்டினார். பத்து நிமிட வேலை.

பிற்பகல் நாலு இருபதுக்கு "வர்றேன்" என்று சொல்லிவிட்டு மேல்தளத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். முழங்கையைப் பிடிக்க எழுந்த நான் திரும்ப உட்கார்ந்தேன். ஐந்து ஐந்துக்கு வந்தாள். காற்றில் முடியெல்லாம் கலைந்திருந்தது. உதட்டில் உப்பு.

"என்ன பார்த்த?"

"கடல்."

"வேற?"

"எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்பிக்கணுமா?" என்று சிரித்தாள்.

அந்தப் பயணத்தின் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மட்டும் எழுத ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாள், எங்கே நின்றாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள்? ஊர் வந்தபின் பல தடவை கேட்டுவிட்டேன்.

போன ஞாயிறு அவள் ஜன்னலோரம் போனும் கையுமாக இருந்தாள். மகளுக்கு எழுதியதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள்:

"கப்பல் திரும்ப எப்ப போகுதுன்னு பாரு மகள். அப்பாவுக்கு லீவு இல்லாட்டியும் பரவாயில்ல. நான் வர்றேன்."