தெளிவாக்கு என்றொரு பொத்தான்

காலையில் திருகோணமலை நீதிமன்றத்துக்குப் பின்புறம் இருக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மொழிபெயர்ப்பேன். அது என் தொழில். பிற்பகலில் ஓர் இணையத்தளத்தைப் பராமரிப்பேன். அது என்னவென்று கேட்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது எனக்குக் கொஞ்சம் சிரமம்.

கடலில் போகிறவர்களுக்கான ஒரு செயலி இருக்கிறது. கைபேசியில் திறந்தால் நாம் கடலில் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். வேண்டிய இடத்தில் ஒரு குறி போட்டு வைத்தால், பிறகொரு நாள் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விடும். பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து சும்மா எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. யாரும் அதைத் திறந்து உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பக்கங்கள்தான் என் பொறுப்பு. செத்துப்போன இணைப்புகளை மாற்றுவேன். பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதியவை போடுவேன். தமிழ்ப் பக்கங்கள் முழுக்க நான் எழுதியவை. செயலியின் பொத்தான்களுக்குத் தமிழ்ச் சொற்கள் போட்டதும் நான்தான்.

என் அறை மேல்மாடியில். சன்னலால் பார்த்தால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு ஊர் அயர்ந்துவிடும். கீழே மதிலோரம் இரண்டு மூன்று மான்கள் வந்து வாடிய தழைகளை மென்றுகொண்டு நிற்கும். நங்கூரமிட்ட கப்பலொன்று நாட்கணக்காக அசையாமல் கிடக்கும். ஒரு நாள் பார்க்கும்போது அது இருக்காது, போனதை யாரும் கண்டிருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு சொல்லை நீக்கி, பிறகு திரும்பவும் சேர்த்து, இப்படியே பொழுது போகும். செயலிக்கும் தளத்துக்கும் பொறுப்பானவர் வடக்கே ஒரு குளிர் நாட்டில் இருந்தார். ஆறு வருடப் பழக்கம். அவருடைய குரலை நான் கேட்டதில்லை. நான் அனுப்புகிற திருத்தங்களை அவர் தன் காலைக் கோப்பியுடன் பார்த்து, நன்றி என்று ஒரு சொல் போட்டு ஏற்றுக்கொள்வார்.

தமிழ்ப் பக்கங்களை யாரும் வாசிக்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆளில்லாத வீடொன்றைக் கூட்டித் துடைத்து, விளக்கேற்றி வைப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. யாரும் வந்து குறை சொல்லமாட்டார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் “இந்தப் பக்கம் உதவியதா?” என்று ஒரு கேள்வியும் பதில் எழுத ஒரு பெட்டியும் உண்டு. பங்குனி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள் இப்படி வந்திருந்தது:

“உதவவில்லை. தெளிவாக்கு எண்டு போட்டிருந்தது. அமத்தினனாங்கள். குறியெல்லாம் போயிட்டுது. திருப்பி எடுக்கேலுமோ? சம்பூர்.”

கீழே ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது.

நான் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செயலியைத் திறந்து பொத்தானைத் தேடினேன். குறிகளின் பட்டியலுக்கு அடியில் இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு ‘கிளியர்’ என்று பெயர். எல்லாவற்றையும் துடைத்து அழித்துவிடுகிற பொத்தான். சேர்ந்த முதல் வருடத்தில் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே பட்டியலாக வந்தன, எது எங்கே வரும் என்ற விவரம் இல்லாமல். ‘கிளியர்’ என்று கண்டதும் தெளிவாக்கு என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறேன். பிறகு உதவிப் பக்கத்திலும் அதையே எழுதினேன். சொல்லை நிறுத்துப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவள் நான். ஓர் உறுதியில் கிழக்கு என்பது மேற்கு என்றாகிவிடக்கூடாதென்று மூன்று தரம் வாசிப்பவள்.

பொறுப்பானவருக்கு எழுதிக் கேட்டேன், மீட்க ஏதாவது வழி உண்டா என்று. மறுநாள் பதில் வந்தது. ஒருமுறை அழித்தால் அழித்ததுதான். மிகவும் வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார்.

அதைக் கடிதமாக எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் பேசினாள். கணவன் தூண்டில் தொழில் செய்பவர், கடலடியில் கல் இருக்கிற இடங்களில்தான் மீன் நிற்கும், அப்படி முப்பத்தொரு கல்லை அவர் குறித்து வைத்திருந்தார் என்று சொன்னாள். அவருக்குச் சின்ன எழுத்து வாசிக்கச் சிரமம், அதனால் அவள் பக்கத்தை வாசிக்க, அவர் பொத்தானை அமத்துவாராம். நீங்கள் கொம்பனி ஆக்களோ என்று கேட்டாள். கொம்பனி ஒன்றும் இல்லை, நான் திருகோணமலையில்தான் இருக்கிறேன், நேரில் வருகிறேன் என்றேன். அந்தச் சொல்லை எழுதியது நான்தான் என்று மட்டும் வாயில் வரவில்லை.

சனிக்கிழமை மூதூர் பஸ்ஸில் ஏறினேன். பாலங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. இருபக்கமும் தண்ணீர் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. என்ன சொல்வதென்று யோசித்து யோசித்து, கிண்ணியா தாண்டியதும் தூங்கிவிட்டேன். மூதூரிலிருந்து ஓட்டோவில் சம்பூர் போனேன்.

வேலிக்குப் பக்கத்தில் வேப்பமரம் நின்ற ஒரு கல்வீடு. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கதிரை போட்டு, குசினிக்குள் போய்ப் பால் விடாத பிளேன்ரீயோடு வந்தாள். கணவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முற்றத்தில் இருந்து தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். கயிற்றை வைக்காமல் தலையை மட்டும் அசைத்தார்.

அவள்தான் கதைத்தாள். சண்டையில் எல்லோரையும் போல அவர்களும் ஊரைவிட்டுப் போய், முகாம்களில் கன வருடம் இருந்து திரும்பி வந்தவர்கள். வந்தபோது வீடு இருக்கவில்லை, கிணறு தூர்ந்திருந்தது. கடல் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அத்தனை வருடத்தில் கல்லுகள் இருந்த இடம் அவருக்கு மறந்திருந்தது. கரையில் அடையாளம் வைத்திருந்த மரங்களும் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்துத்தான் போனில் குறித்தாராம். ஐந்து வருட வேலை அது.

நான் பிளேன்ரீயைக் கீழே வைத்தேன். “அந்தச் சொல்லை எழுதினது நான்தான் அண்ணை. பிழை என்ட.”

கயிறு சுற்றுவது நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“அப்ப இங்கிலீசில என்ன போட்டிருக்கு?” என்று அவர் கேட்டார்.

சொன்னேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தெளிவு என்றும் பொருள், துடைத்துவிடு என்றும் பொருள், நான் பிழையான பொருளை எடுத்துவிட்டேன் என்று விளங்கப்படுத்தினேன். அவர் கயிற்றை மடியில் வைத்தார். வேப்பம்பூ முற்றத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது.

“தண்ணி தெளிஞ்சால் கல்லுத் தெரியும்,” என்றார் கடைசியில். “குறியெல்லாம் நல்லாத் தெரியப்போகுது எண்டுதான் நான் நினைச்சனான்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். பழையபடி தேடத்தான் வேண்டும், வேறு வழியில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, “இனி நான் அதில ஒண்டும் அமத்தன் தங்கச்சி. நான் இடத்தைக் காட்டுறன், நீங்கள் வந்து அமத்துங்கோ,” என்றார்.

எனக்குக் கடல் பழக்கமில்லை. துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்தும் சன்னலால் பார்த்ததோடு சரி. ஆனாலும் ஓம், வருகிறேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் இருவருடனும் படகேறினேன். அவள் நடுவில் இருந்தாள், நான் முன்னால், கைபேசியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அலை இல்லை. கரை மெல்ல மெல்லத் தாழ்ந்து ஒரு பச்சைக் கோடாகியது. தூரத்தில் வெளிச்சவீடு, குடாவுக்கு அப்பால் கோயில் மலை, அதற்குப் பின்னால் நான் வேலை செய்கிற ஊர் முழுவதும் புகை போல நின்றது. அங்கே இந்நேரம் என் அறைச் சன்னல் திறந்திருக்கும். அந்தச் சன்னலுக்குள் இருந்து இந்தக் கடலைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தபோது, யாரோ சொன்ன கனவைக் கேட்டு எழுதியது போலத் தோன்றியது.

அவர் எஞ்சினை நிறுத்தினார். வெளிச்சவீட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கொஞ்சம் துடுப்புப் போட்டார். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, விரலில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். சத்தமே இல்லை. படகின் அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. திரையில் ஒரு சின்ன நீல அம்பு, வெறும் வெள்ளைப் பரப்பில், ஆடி ஆடி நின்றது. அதுதான் நாங்கள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

“இப்ப,” என்றார்.

நான் அமத்தினேன். ஒரு குறி விழுந்தது. அதற்குப் பெயர் கேட்டது செயலி. முன்பு இலக்கம் மட்டும் போட்டிருந்ததாக அவள் சொன்னாள். அவர் யோசித்து, “கலவாய்க் கல்லு” என்றார், அங்கே கலவாய் மீன் நிற்குமாம். எழுதினேன். அவள் கையை நீட்டி வாங்கி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தந்தாள்.

மூன்று சனிக்கிழமை போனோம். சில கல்லுகளுக்கு நேரே போய் நின்றார். சிலவற்றுக்கு அரை நாள் சுற்றினார். ஓர் இடத்தில் குண்டை இறக்கியபடி வெகுநேரம் இருந்து, பிறகு இல்லை என்று தலையாட்டிக் கயிற்றை இழுத்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மொத்தம் பத்தொன்பது கிடைத்தது. மற்றப் பன்னிரண்டும் கீழே எங்கேயோ இருந்தன, எங்களுக்குத் தெரியாமல்.

மூன்றாம் நாள் கரைக்குத் திரும்பும்போது, உதவிப் பக்கத்தில் போட இந்தத் திரையைப் படமெடுக்கட்டா என்று கேட்டேன். பத்தொன்பது குறியும் பெயரோடு அழகாகத் தெரிந்தன. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு படம் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் உடனே மறுத்தார். “என்ட கல்லை உலகத்துக்குக் காட்டாதேங்கோ.”

அவள் சிரித்தாள். நிலாவெளியில் இருக்கிற தன் அக்காவின் புருசனுக்குக்கூட அவர் இதுவரை காட்டியதில்லை என்றாள். நானும் சிரித்தேன். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைப்பது நல்லது என்று ஆறு வருடமாக எழுதிவந்தவள் நான். கைபேசியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

பொத்தானின் பெயரைச் செய்தி வந்த நாளே ‘எல்லாவற்றையும் அழி’ என்று மாற்றியிருந்தேன். அந்தக் கிழமை பொறுப்பானவருக்கு நடந்ததை முழுவதும் எழுதினேன், நீளமாக, அலுவலகக் கடிதம் போல இல்லாமல். அழிப்பதற்கு முன் ஒரு தரம் கேட்கவேண்டும் என்றும், அழித்ததை ஒரு மாதமாவது வைத்திருக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தேன். வழக்கமாக மறுநாள் வருகிற பதில் ஐந்து நாள் வரவில்லை. ஆறாம் நாள், செயலியே மாறியிருந்தது. எந்த மொழியில் பாவித்தாலும் இனி அழிப்பதற்கு முன் அது கேட்கும். அவர் இரண்டு வரி எழுதியிருந்தார். தன் மொழியிலும் அந்தச் சொல் சரியில்லைத்தான், இத்தனை வருடமாக யாரும் வந்து சொல்லவில்லை என்று.

அதற்குப் பிறகு மற்றப் பக்கங்களை நினைத்து எனக்குப் பயம் வந்தது. சம்பூரில் அவளுக்குத் தொலைபேசி எடுத்து, இன்னும் என்னென்ன பிழை இருக்குமோ தெரியாது, வாசித்துச் சொல்ல ஏலுமா என்று கேட்டேன். சமையல் முடிந்த பிறகு அவள் பக்கத்தைத் திறந்து உரத்து வாசிப்பாள். அவர் முற்றத்தில் இருந்து கேட்பார். விளங்காத இடத்தில் ஓர் “ஆ?” வரும். அவள் அதைக் குரல் பதிவாக எனக்கு அனுப்புவாள். பின்னணியில் கோழி கத்தும், சில நேரம் கடலும் கேட்கும். நான் என் மேசையில் இருந்து அந்த “ஆ?”க்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ‘அமைவிடத் துல்லியம்’ போனது. ‘இயல்புநிலைக்கு மீளமை’ போனது. நான் பெருமையாக நினைத்திருந்த சொற்கள் பலவும் போயின. போகப் போகப் பக்கங்கள் சின்னதாகின. வாசித்தால் ஓர் ஆள் எதிரே நின்று கதைப்பது போல இருந்தது.

அந்தப் பன்னிரண்டில் இரண்டை அவர் பிறகு தானாகவே கண்டுபிடித்தார். ஒன்றை ஆனி மாதத்தில், மற்றதைத் தூண்டில் சிக்கிய ஓரிடத்தில் தற்செயலாக. குறியைத் தானே போட்டாராம், பெயரை மட்டும் அவள் எழுதினாளாம். மற்றப் பத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

போன கிழமை பெட்டிக்குள் இன்னொரு செய்தி கிடந்தது. திரியாயிலிருந்து, எனக்குத் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். பக்கம் உதவியது, ஆனால் போட்ட குறியின் பெயரைப் பிறகு மாற்றுவது எப்படியென்று எங்கும் சொல்லவில்லையே என்று. தேடிப் பார்த்தேன். உண்மைதான், அப்படி ஒரு பக்கம் எங்களிடம் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை. பிற்பகல் இரண்டரை மணி. சன்னலைச் சாத்திவிட்டு எழுதத் தொடங்கினேன். முதல் வரியை எழுதியதும் அவளுக்குத்தான் அனுப்பினேன், அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லி.